இணைப்பை அணைத்த பிறகும் நகர்ந்தே நின்ற வளையம்: கரு–ஓடு நானோத்துகள் சிமுலேஷனில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் துறையில் இரண்டு அறைகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றில் ஃப்யூம் ஹூட், சென்ட்ரிஃப்யூஜ், அசிட்டோன் வாடை. இன்னொன்றில் ஆறு கணினிகள், ஒரு யுபிஎஸ், எப்போதும் ஓடும் ஏசி. முதல் அறையில் கோபால்ட் நானோத்துகளைச் செய்கிறார்கள். இரண்டாம் அறையில் அதே துகளை எண்களால் கட்டிப் பார்க்கிறோம். இந்தக் குறிப்பு இரண்டாம் அறையில் ஏறக்குறைய எட்டு மாதம் ஓடிய ஒரு தவறான முடிவைப் பற்றியது. நிரலில் பிழை எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்போம், எழுதவும் தேவை இருந்திருக்காது.

ஆய்வைச் செய்தவர் இரண்டாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவர். வழிகாட்டி நான். எதிர் அறையில் துகளைச் செய்தவர் அவருக்கு இரண்டு ஆண்டு மூத்த ஆய்வாளர். பெயர்கள் வேண்டாம் என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

இயற்பியல் பின்னணி சுருக்கமாக: கோபால்ட் துகளைக் காற்றில் விட்டால் மேற்பரப்பு தானாக ஆக்சைடு ஆகிவிடும். அந்த ஆக்சைடுதான் ஓடு; அதை நாம் போட வேண்டியதில்லை, காற்றே போட்டுவிடும். உள்ளே கருவாக இருக்கும் கோபால்ட் ஃபெரோகாந்தம். அதன் ஸ்பின்கள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், ஒரே பக்கம் பார்க்கும். வெளியே உள்ள கோபால்ட் ஆக்சைடு ஆன்டிஃபெரோகாந்தம்; பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்யும். இப்படிப்பட்ட துகளைக் காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்த்தால், ஹிஸ்டிரிசிஸ் வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தத்தன்மை வரையும் மூடிய கோடு) பூஜ்ஜியத்தைச் சுற்றிச் சமமாக நிற்காமல் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். 1956இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் மைக்கிள்ஜானும் பீனும் இதைக் கண்டது இதே கோபால்ட்–கோபால்ட் ஆக்சைடு துகளில்தான். எக்ஸ்சேஞ்ச் பயாஸ் என்று பெயர். நாங்கள் பேச்சில் பயாஸ் என்றே சொல்வோம். ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் தலையில் ஒரு காந்த அடுக்கை அசையாமல் பிடித்து வைத்தது இந்த விளைவுதான்.

நானோ அளவில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. துகள் சிறுத்துக்கொண்டே போனால் அறை வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். இதை சூப்பர்பாராகாந்தம் என்கிறோம். 2003இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், 4 நானோமீட்டர் கோபால்ட் துகள்களைக் கோபால்ட் ஆக்சைடுக்குள் பதித்தபோது, சுமார் 10 கெல்வினில் நிலையிழந்த காந்தத்தன்மை சுமார் 290 கெல்வின் வரை தாங்கியது. 290 கெல்வின் என்பது கோபால்ட் ஆக்சைடின் நீல் வெப்பநிலையை ஒட்டியது; அதற்கு மேல் ஆன்டிஃபெரோ ஒழுங்கு கலைந்துவிடும். 17 டிகிரி செல்சியஸ், ஊட்டியில் ஒரு சாதாரணப் பகல். ஓடு எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது, எதைப் பொறுத்துப் பிடிக்கிறது என்பது அதனால் வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

எங்கள் கேள்வி இது: ஓட்டின் அனிசோட்ரபியைக் கூட்டினால் பயாஸ் எப்படி மாறும்? அனிசோட்ரபி என்பது ஸ்பின் தனக்குப் பிடித்த அச்சை விட்டு விலக எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதன் அளவு.

மாதிரி

இலக்கியத்தில் நிலைபெற்ற வழியையே எடுத்தோம். எளிய கனசதுர அணிக்கோவையில் (ஸ்பின்கள் சம இடைவெளியில் நிற்கும் கட்டம்), 12 அணிக்கோவை அலகு ஆரமுள்ள உருண்டை; அதில் வெளி 3 அலகு ஓடு, உள்ளே 9 அலகு கரு. கணக்குப் போட்டால் மொத்தம் ஏறக்குறைய 7,240 ஸ்பின்கள். கருவில் சுமார் 3,050, ஓட்டில் சுமார் 4,190. வெறும் 3 அலகு தடிமன்தான், ஆனாலும் ஸ்பின்களில் பாதிக்கு மேல் ஓட்டில் இருக்கின்றன. நானோ அளவில் கண் ஏமாறும் இடம் இது. பின்னால் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஆற்றல்கள் அனைத்தையும் அவற்றுக்கு ஈடான வெப்பநிலையாக, கெல்வினில் வைத்தோம். பக்கத்து ஸ்பின்கள் ஒன்றையொன்று பிடிக்கும் இணைப்பு கருவுக்குள் 10 கெல்வின், ஓட்டுக்குள் எதிர்க்குறியில் 5 கெல்வின். கருவின் அனிசோட்ரபி ஒரு ஸ்பின்னுக்கு 1 கெல்வின். ஓட்டின் அனிசோட்ரபியை 5 கெல்வினில் தொடங்கி 50 வரை ஏற்றினோம். கருவும் ஓடும் தொடும் இடைமுகத்தில் சுமார் 1,500 பிணைப்புகள். அவற்றின் வலிமை தனி அளவுரு. எதிர் அறையில் கையில் இருப்பது பொடி என்பதால், அச்சுகள் வெவ்வேறு திசையில் திரும்பிய துகள்களை ஓட்டி சராசரி எடுத்தோம்.

முறை மான்டே கார்லோ, மெட்ரோபோலிஸ் விதி. ஒரு ஸ்பின்னைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பது. ஆற்றல் குறைந்தால் ஏற்பது, கூடினால் வெப்பநிலைக்கேற்ற நிகழ்தகவில் ஏற்பது. ஒரு வளையத்தில் 200 புல மதிப்புகள், ஒவ்வொன்றிலும் 1,000 சுற்றுகள்; ஒரு சுற்றில் ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஒரு முயற்சி. ஒரு துகளுக்கு ஒரு வளையம் என்றாலே சுமார் 145 கோடி முயற்சிகள். இரவில் ஏற்றிவிட்டுக் காலையில் பார்ப்பது வழக்கமானது. கரண்ட் போகும் நாளில் யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள் நிலையைச் சேமிக்கும்படி மாணவர் எழுதி வைத்திருந்தார். அந்தப் பகுதி ஒருநாளும் எங்களைக் கைவிடவில்லை.

நிரலை நம்பும் முன் தெரிந்த விடைகளோடு ஒப்பிட்டோம். ஃபெரோகாந்தத்தை மட்டும் பெரிய கனசதுரமாக ஓட்டினால், காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை இணைப்பு மாறிலியைப் போல 1.44 மடங்கு வர வேண்டும். வந்தது. ஜோடியை இரண்டு முறை எண்ணும் பிழை இருந்தால் இது 2.89 ஆகிவிடும், புதிதாக எழுதுகிறவர்களில் பலர் வழுக்கும் இடம். ஸ்பின்கள் ஒன்றாகப் புரளும் சிறு துகளுக்கு, பூஜ்ஜிய வெப்பநிலையை ஒட்டி, அச்சின் நெடுகே புலம் கொடுத்தால் அனிசோட்ரபிப் புலத்திலேயே (அனிசோட்ரபியை வெல்லத் தேவையான புலம்) புரள வேண்டும். அச்சுகள் சிதறியிருந்தால் கோயர்சிவிட்டி (காந்தத்தன்மையைப் பூஜ்ஜியமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) அதில் 0.48 மடங்கு ஆக வேண்டும். 1948இல் ஸ்டோனரும் வோல்ஃபார்த்தும் தந்த விடை அது. அதுவும் வந்தது. இரண்டு தேர்விலும் தேறியதும் நிரலின் மேல் எங்களுக்கு வந்த நம்பிக்கை நியாயமானதே. அந்த நம்பிக்கையைக் கேள்வியின் மேலும் சேர்த்து வைத்ததுதான் தவறு.

முதல் முடிவு

துகளை, ஸ்பின்கள் சிதறிய தொடக்க நிலையிலிருந்து, புலத்தில் வைத்துக் குளிர்த்து, 0.1 கெல்வினில் வளையம் எடுத்தோம். பூஜ்ஜியக் காந்தத்தன்மையை வளையம் வெட்டும் இரண்டு புலங்களின் சராசரியைப் பயாஸ் என்று குறித்தோம். எல்லோரும் செய்வது அதுதான்.

வரைபடம் அழகாக வந்தது. ஓட்டின் அனிசோட்ரபி கூடக் கூடப் பயாஸ் கூடியது; 20 கெல்வினைத் தாண்டியதும் கோடு சட்டென்று செங்குத்தாகத் திரும்பி மேலே ஏறியது. தளர்ந்த ஓடு கருவோடு சேர்ந்து சுழலும், கெட்டியான ஓடு பிடித்து நிறுத்தும் என்பது முன்பே தெரிந்த கதை. ஆனால் பிடித்து நிறுத்திய பிறகு பயாஸ் ஒரு மட்டத்தில் நின்றுவிட வேண்டும். எங்களுடையது நிற்கவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று எண்ணினோம்.

குளிர்த்தும் புலத்தின் திசையை மாற்றி ஓட்டினோம். பயாஸின் குறியும் மாறியது. அது பெரிய உறுதியாகத் தெரிந்தது. ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினோம், போஸ்டருக்கு ஏற்றுக்கொண்டார்கள். போஸ்டரை ஃப்ளெக்ஸில் அடித்து, சுருட்டி, அறை மூலையில் சாய்த்து வைத்தார் மாணவர்.

எதிர் அறையிலிருந்து வந்த கேள்வி

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாணவர் ஒத்திகைக்காக எதிர் அறை ஆய்வாளரிடம் போஸ்டரை விளக்கினார். நானும் உடன் இருந்தேன். அவர் கோட் எழுதுகிறவர் அல்ல. தன் பொடியை வெளியூர் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று, ஸ்லாட் வாங்கி, ஹீலியம் வெப்பநிலையில் அளந்து வருகிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, உன் ப்ளாங்க் எங்கே?"

மாணவருக்குப் புரியவில்லை. "எது அக்கா?"

"நான் பொடியை ஜெலட்டின் கேப்ஸ்யூல்ல போட்டு, ஸ்ட்ராவுக்குள்ள சொருகித்தான் அளக்குறேன். முதல்ல வெறும் கேப்ஸ்யூல், வெறும் ஸ்ட்ரா, ரெண்டையும் அளந்து அது என்ன குடுக்குதுன்னு பார்ப்பேன். அது தெரியாம பொடி என்ன குடுக்குதுன்னு எப்படிச் சொல்றது? நீ இடைமுகத்தாலதான் நகருதுன்னு சொல்ற. இடைமுகம் இல்லாம ஓட்டிப் பார்த்தியா?"

சிமுலேஷனில் கேப்ஸ்யூலும் இல்லை, ஸ்ட்ராவும் இல்லை, நாம் போட்டது மட்டுமே உள்ளே இருக்கிறது என்று நான் பதில் சொன்னேன். சொல்லும்போதே அது பதில் ஆகவில்லை என்று தோன்றியது. மாணவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்: இணைப்பைப் பூஜ்ஜியமாக்கினால் விடை பூஜ்ஜியம் என்று தெரிந்ததுதானே, அதற்கு ஓர் இரவை ஏன் வீணாக்க வேண்டும்? இருந்தாலும் அக்கா கேட்டுவிட்டாரே என்று அன்று இரவே ஏற்றினார்.

பூஜ்ஜிய ஓட்டம்

மறுநாள் காலை நான் வரும்போது அவர் திரை முன் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை. உள்ளீட்டுக் கோப்பில் இடைமுக இணைப்புக்கு நேராக 0.0 என்று இருந்தது. பக்கத்து ஜன்னலில் வளையம் இடப்பக்கம் நகர்ந்து நின்றது.

"சார், நான் மூணு தடவை ஃபைலைப் பார்த்துட்டேன்."

ஓட்டின் அனிசோட்ரபி 50 கெல்வின் இருந்த அந்த ஓட்டத்தில், போஸ்டரில் போட்டிருந்த பயாஸில் பாதிக்கும் மேல் அப்படியே இருந்தது. கருவும் ஓடும் ஒன்றையொன்று தொடவே இல்லை. பிடிக்க ஆளில்லை. ஆனாலும் வளையம் நகர்ந்திருந்தது.

முதலில் எடுத்த முடிவு: எதையும் திருத்தாமல் காரணத்தைத் தேடுவது. அளவுருக்களைக் கிண்டினால் பூஜ்ஜிய ஓட்டத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட முடியும். ஆனால் ஏன் என்று தெரியாமல் போய்விடும். இரண்டாவது: போஸ்டரை அந்த நிலையில் வைக்கக் கூடாது. திரும்பப் பெறுவதா, திருத்தி வைப்பதா என்பதை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

காரணம் தேடியது

முதல் சந்தேகம் மைனர் லூப். போதிய புலம் கொடுக்காமல் பாதியில் திரும்பினால், புரளாத பகுதி மிஞ்சி வளையம் நகர்ந்தது போலத் தெரியும். இத்துறையில் பழைய பொறி அது. எங்கள் புலம் கருவின் அனிசோட்ரபிப் புலத்தைப் போல இரண்டு மடங்கு. அதை நான்கு மடங்காக்கினோம். நகர்வு அசையவில்லை. வளையத்தின் இரு முனைகளும் சரியாக மூடிக்கொண்டன. கரு குற்றவாளி இல்லை.

பிறகுதான் செய்திருக்க வேண்டிய எளிய வேலையைச் செய்தோம். மொத்தக் காந்தத்தன்மையைக் கரு, ஓடு என்று பிரித்து இரண்டு வளையமாக வரைந்தோம். இதைச் சோதனை அறையில் செய்ய முடியாது. கருவியில் மொத்தம்தான் வரும். எங்களிடம் ஒவ்வொரு ஸ்பின்னும் தனித்தனியாக நினைவகத்தில் கிடந்தது. எட்டு மாதமாகப் பிரித்துப் பார்க்காமல், கருவி தருவதைப் போல மொத்தத்தை மட்டுமே பார்த்துவந்தோம்.

கருவின் வளையம் சமமாக, ஒரு மயிரிழை விலகாமல் நடுவில் நின்றது. ஓட்டின் வளையம் வளையமே அல்ல. பூஜ்ஜியத்துக்கு மேலே, சற்றே சாய்ந்த ஒரு கோடு. ஓட்டுக்குள் சில ஸ்பின்கள் குளிர்த்திய புலத்தின் திசையிலேயே உறைந்து, எந்தப் புலத்துக்கும் அசையாமல் கிடந்தன. அந்த உறைந்த பங்கு கருவின் வளையத்தை மொத்தமாக மேலே தூக்கியது. சாய்வான பக்கங்கள் கொண்ட வளையத்தை மேலே தூக்கினால், பூஜ்ஜியக் கோட்டை அது வெட்டும் இரண்டு இடங்களும் இடப்பக்கம் போகும். நிஜமான பயாஸ் எந்தப் பக்கம் நகர்த்துமோ அதே பக்கம். குளிர்த்தும் புலத்தைத் திருப்பினால் உறைந்த பங்கும் திரும்பும், குறியும் மாறும். நாங்கள் பெரிதாக நம்பிய குறிமாற்றச் சோதனை போலியையும் நிஜத்தையும் பிரிக்கவே பிரிக்காது.

வளையத்தின் பக்கங்கள் நேர்ச் செங்குத்தாக இருந்திருந்தால் இந்தத் தூக்கல் வெட்டும் இடத்தைத் தொட்டிருக்காது. பொடியைப் போல அச்சுகளைச் சிதறவிட்டதால் பக்கங்கள் சாய்ந்தன. நிஜத்துக்கு அருகே போக வேண்டும் என்று செய்த மாற்றம்தான் போலிக்கு வாசல் திறந்தது.

அடுத்த கேள்வி: உறைந்த பங்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? ஆன்டிஃபெரோ ஓடு முழுதாக ஒழுங்குபட்டால், ரத்தாகாமல் மிஞ்சுவது ஸ்பின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில்தான் இருக்கும் என்பது தோராயக் கணக்கு. 4,190க்கு வர்க்கமூலம் 65; கருவின் 3,050இல் அது 2 சதவீதம். அச்சுச் சிதறலில் அதுவும் பாதியாகும். எங்களுக்கு வந்தது அதைவிடப் பல மடங்கு. 0.1 கெல்வினில் ஓட்டின் ஸ்பின்களை இரு நிறத்தில் வரைந்து பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது. ஒரே ஒழுங்குக்குப் பதிலாக, திட்டுத்திட்டாக ஐந்தாறு பகுதிகள். பகுதிகளின் எல்லையில் யாரோடும் ஜோடி சேராத ஸ்பின்கள், புலத்தின் பக்கம் பார்த்தபடி.

திட்டுகள் வந்தது குளிர்த்திய விதத்தால். மாணவர் குளிர்த்தலை 9 கெல்வினில் தொடங்கியிருந்தார். அதற்கு அவரிடம் கணக்கு இருந்தது: ஓட்டின் இணைப்பு 5 கெல்வின், 1.44ஆல் பெருக்கினால் 7.2, அதற்கு மேல் 9இல் தொடங்கினால் போதும். அந்தக் கணக்கை நான் பார்த்துச் சரி என்றேன். ஆனால் 1.44 என்பது அனிசோட்ரபி இல்லாத மாதிரிக்கு. அனிசோட்ரபி ஏறினால் ஸ்பின் மேல், கீழ் என்ற இரண்டு நிலைகளை நோக்கி ஒடுங்கும். ஒழுங்குபடும் வெப்பநிலையும் ஏறும். முழுதும் ஒடுங்கிய ஐசிங் எல்லையில் அந்தப் பெருக்கம் 4.51. எங்கள் ஓட்டின் வெப்ப ஏற்பை அளந்து, ஒழுங்குபடும் வெப்பநிலையைக் காட்டும் அதன் உச்சத்தைப் பார்த்தபோது, அனிசோட்ரபி 50 கெல்வினுக்கு அது 12 கெல்வின் பக்கம் நின்றது. சிதறிய தொடக்க நிலையில் இருந்த ஓட்டை நாங்கள் மெதுவாகக் குளிர்த்தவில்லை. ஏற்கெனவே உறைய வேண்டிய குளிருக்குள் தூக்கிப் போட்டிருக்கிறோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கியது போல.

போஸ்டரில் கோடு செங்குத்தாகத் திரும்பிய இடமும் இப்போது விளங்கியது. 20 கெல்வினைத் தாண்டியதும் ஓட்டின் ஒழுங்கு வெப்பநிலை எங்கள் தொடக்க வெப்பநிலையை எட்டி, அதைக் கடக்கத் தொடங்கியிருந்தது. அங்கே இயற்பியல் எதுவும் மாறவில்லை. நாங்கள் வைத்த 9 என்ற எண்ணை ஓடு தாண்டியது, அவ்வளவுதான்.

சிறிய பங்கு இன்னொன்றுக்கும் உண்டு. ஸ்பின்னைச் சிறு கோணத்தில் மட்டும் திருப்பிப் பார்க்கும்படி எழுதியிருந்தோம். அனிசோட்ரபி பெரிதாக இருக்கும்போது, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போக வழியில் உள்ள மேட்டைச் சிறு அடிகளால் ஏற முடியாது. திட்டுகள் தாமாகக் கலைய வாய்ப்பே இல்லாமல் போனது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குளிர்த்தலை 30 கெல்வினில் தொடங்குவது என்று முடிவானது. ஓட்டின் அனிசோட்ரபியை எவ்வளவு கூட்டினாலும் ஒழுங்கு வெப்பநிலை ஐசிங் எல்லையைத் தாண்டாது, 4.51ஐ 5ஆல் பெருக்கினால் 22.6. கருவின் 14.4ம் அதற்குக் கீழேதான். ஒவ்வோர் அனிசோட்ரபிக்கும் தனித்தனித் தொடக்கம் வைக்கலாம் என்றார் மாணவர். கணினி நேரம் மிச்சமாகும். நான் மறுத்தேன். தொடக்கம் மாறினால் தொடரில் உள்ள புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. முதல் தவறும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்: சில புள்ளிகள் ஒழுங்கு வெப்பநிலைக்கு மேலே தொடங்கின, சில கீழே.

குளிர்த்தலின்போது ஸ்பின்னை நேர் எதிராகப் புரட்டிப் பார்க்கும் முயற்சியையும் சேர்த்தோம். வளையம் எடுக்கும்போது அதை நீக்கினோம். இதில் எங்களுக்குள் வாக்குவாதம் இருந்தது. ஒரே நிரலில் இரண்டு விதி எதற்கு என்பது மாணவரின் கேள்வி. குளிர்த்தலில் நமக்கு வேண்டியது சமநிலை. எந்த வழியில் போனாலும் அங்கே போய்ச் சேர்ந்தால் சரி. வளையத்திலோ நமக்கு வேண்டியது ஸ்பின் மேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த நிலைதான். அங்கே புரட்டலை அனுமதித்தால் மேட்டை ஏறாமல் தாவிவிடும், கோயர்சிவிட்டி பொய்யாகக் குறையும். மான்டே கார்லோ சுற்று என்பது கடிகார நேரம் அல்ல. அதனால் முயற்சியின் வகை விடைக்குள் புகுந்துவிடும். இரண்டு விதியையும், எங்கே எது என்பதையும் வெளிப்படையாக எழுதுவது என்று ஒப்புக்கொண்டோம்.

பயாஸைக் கருவின் வளையத்திலிருந்து எடுத்து, மொத்த வளையத்தின் மதிப்பையும் பக்கத்தில் கொடுப்பது. மொத்தத்தை விட்டுவிட முடியாது. சோதனையோடு ஒப்பிட அதுதான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இணைப்பு பூஜ்ஜியமான ஓட்டம் ஒன்று கட்டாயம். கணினி நேரம் இரட்டிப்பாகும் என்று தெரிந்தே ஏற்றோம்.

போஸ்டரைத் திரும்பப் பெறவில்லை. முடிவு தவறு என்று தெரிந்தபின் வைப்பது நேர்மையா என்று மாணவர் கேட்டார். தவறைச் சேர்த்து வைத்தால் நேர்மைதான் என்று முடிவெடுத்தோம். ஃப்ளெக்ஸை மறுபடி அடிக்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை.

தொடர்ந்தது

மீள் ஓட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது. கருத்தரங்குக்குள் தொடரின் பாதிதான் முடிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. மெதுவாகக் குளிர்த்திய ஓட்டில் திட்டுகள் இல்லை, அல்லது ஒரே ஒரு சுவர் இருந்தது. பூஜ்ஜிய ஓட்டத்தின் நகர்வு, வெவ்வேறு சீட் எண்களுக்கு (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்கள்) இடையே வரும் சிதறலுக்குள் அடங்கியது. இணைப்பு உள்ள ஓட்டத்தில் பயாஸ் இருந்தது; ஆனால் முன்பு போட்டதைவிட மிகச் சிறியது. ஓட்டின் அனிசோட்ரபியோடு ஏறி, ஒரு மட்டத்தில் நின்றது. செங்குத்து ஏற்றம் இல்லை. புத்தகம் சொல்வதுதான் வந்தது.

மாணவர் நான்கு ஏ4 தாள்களில் புதிய வரைபடங்களை எடுத்து, ஃப்ளெக்ஸில் பழைய வரைபடத்துக்குப் பக்கத்தில் டபுள் சைடு டேப்பால் ஒட்டினார். பழையதை மறைக்கவில்லை, அதன் மேல் சிவப்பு மார்க்கரில் "குளிர்த்தல் பிழை" என்று எழுதினார். கருத்தரங்கில் நின்று கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒட்டிய தாள்களைத்தான் பார்த்தார்கள். ஒருவர் தன் மாணவரை அழைத்து வந்து, நம்முடையதிலும் பூஜ்ஜியம் போட்டுப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர் அறையிலும் ஒரு விளைவு இருந்தது. அந்த ஆய்வாளர் தன் பழைய அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். அவருடைய வளையங்களும் மேல்நோக்கிச் சற்றுத் தூக்கியிருந்தன. வெறும் கேப்ஸ்யூலைக் கழித்தாலும் அந்தத் தூக்கல் போகாது. அது பொடிக்குள்ளேயே உறைந்து கிடக்கும் பங்கு. பயாஸ் எண்ணைத் தரும் முன் வளையத்தைச் செங்குத்தாக மையப்படுத்திய மதிப்பையும் கொடுக்கத் தொடங்கினார். உறைந்த பங்கு எவ்வளவு, இடைமுகம் எவ்வளவு என்று அவரால் தனியே அளக்க முடியாது. அதற்கு எங்கள் அறை வேண்டும். ப்ளாங்க் எங்கே என்று கேட்க எங்களுக்கு அவர் அறை வேண்டியிருந்தது போல.

கட்டுரையாக அனுப்ப வைத்திருந்த வரைவைக் கைவிட்டோம். மாணவருக்கு அது வலித்தது. அந்த ஆண்டு அறிக்கையில் காட்ட வேறு எதுவும் இல்லை. அரையாண்டுக் குழுக் கூட்டத்தில் இந்த நிகழ்வையே முன்னேற்றமாக வைத்தோம். ஓர் உறுப்பினர், எட்டு மாதம் வீண்தானே என்றார். குளிர்த்தல் வேகத்துக்கும் உறைந்த பங்குக்கும் உள்ள உறவைத் தனி அத்தியாயமாக்கும் திட்டத்தை மாணவர் காட்டினார், அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மாற்றிக்கொண்டவை

வழிகாட்டியாக நான் முதலில் மாற்றிக்கொண்டது தேர்வுகளின் வரிசையை. கோட் தெரிந்த விடையைத் தருகிறதா என்று பார்ப்பது ஒன்று. நாம் சொல்லும் காரணத்தை எடுத்துவிட்டால் விளைவும் போகிறதா என்று பார்ப்பது வேறு. முதலாவதை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். இரண்டாவதைப் பூஜ்ஜியம் என்று தெரிந்ததுதானே என்று தள்ளினோம். இப்போது எங்கள் அறையில் புதிய தொடர் எதுவும் காரண அளவுரு பூஜ்ஜியமான ஓட்டத்தோடுதான் தொடங்கும். பலகையில் அதற்குப் பெயர் "வெறும் ஸ்ட்ரா".

தொடக்க வெப்பநிலையை இனிக் கணக்குப் போட்டுத் தீர்மானிப்பதில்லை; அந்த அளவுருக்களுக்கே வெப்ப ஏற்பை ஓட்டி உச்சத்தைப் பார்த்து, அதற்கு நன்றாக மேலே வைக்கிறோம். குளிர்த்தலை இரண்டு வேகத்தில் செய்து, விடை மாறினால் இன்னும் மெதுவாக்குகிறோம். கரு, ஓடு, இடைமுகம் மூன்றின் காந்தத்தன்மையும் தனித்தனிக் கோப்பில் போகின்றன. வட்டில் இடம் பிடிக்கிறது என்ற முறையீடு இன்னும் உண்டு.

சரிசெய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. கோபால்ட் ஆக்சைடு எளிய கனசதுரம் அல்ல, உப்பின் படிக அமைப்பு. அதில் ஒரே பக்கம் பார்க்கும் ஸ்பின்கள் தாள்தாளாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் உருண்டையை வெட்டினால் இடைமுகத்தில் ரத்தாகாமல் மிஞ்சுவது எங்கள் மாதிரியில் இருப்பதைவிட வேறாக இருக்கும். அதற்கான அணிக்கோவையை மாணவர் எழுதி முடித்துவிட்டார். அதன் வெறும் ஸ்ட்ரா ஓட்டம் போன வெள்ளிக்கிழமை இரவு ஏற்றப்பட்டது.